மாணவி பார்க்கக் கூடாத கடிதம்

நவம்பர் 18, திங்கள்

இந்த டைரி அம்மாவுடையது. அம்மா இன்சூரன்ஸ் ஏஜென்ட். வருடத்துக்கு எட்டு டைரி வரும், எழுதுவது ஒன்றில்தான். இது இரண்டு வருடத்துக்கு முந்தையது. கிழமை பொருந்தவில்லை என்பதால் அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன்.

எழுதக் காரணம்: பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். நான்கு வருட உயிரியல் படிப்பு. தேர்வானால் விடுதி உட்பட முழு உதவித்தொகை. தேர்வாகாவிட்டால் அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார், உள்ளூர் காலேஜில் பி.காம். விண்ணப்பத்தோடு 'உங்களைப் பற்றி நேர்மையாக எழுநூறு சொற்கள்' என்று ஒரு கட்டுரை கேட்கிறார்கள். நேர்மையாக எழுதிப் பழக்கமில்லை. இது ஒத்திகை.

பெயர் சௌபர்ணிகா. வீட்டில் பர்ணி. உடுமலைக்குப் பக்கத்தில் செங்கதிர் மெட்ரிக் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. அப்பாவுக்குக் கோழிப் பண்ணை. எனக்கு இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். ஒன்று பள்ளித் தலைமையிடமிருந்து. இன்னொன்று ஒரு முழுக் கல்வியாண்டு பாடம் எடுத்த ஆசிரியரிடமிருந்து. நாங்கள் ஒரு லிங்க் அனுப்ப வேண்டும், அவர்கள் நேராக அதில் ஏற்றிவிடுவார்கள். மாணவி பார்க்கக் கூடாதாம். கடைசித் தேதி ஜனவரி 10.

சிக்கல் இதுதான். மே மாதம் எங்கள் பள்ளியை வேறு நிர்வாகம் வாங்கிவிட்டது. பழைய பிரின்சிபால் போனார், அவர் பின்னாலேயே பாதி ஆசிரியர்கள் போனார்கள். மீதிப் பாதியைப் புது நிர்வாகம் அனுப்பிவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் எனக்குப் பாடம் எடுத்தவர் ஒருவர்கூட இன்று பள்ளியில் இல்லை. வாட்ச்மேன்கூடப் புதுசு.

நவம்பர் 20, புதன்

புது வகுப்பாசிரியையிடம் போய் நின்றேன்.

"நீ சௌபர்ணிகாவா, சௌமியாவா?" என்றார்.

"சௌபர்ணிகாங்க மிஸ்."

"அப்ப நேத்து நான் திட்டுனது?"

"அதுவும் நான்தாங்க மிஸ். சௌமியான்னு நெனச்சுத் திட்டுனீங்க."

ஐந்து மாதம்தான் பாடம் எடுத்திருப்பதால் விதிப்படி எழுத முடியாது என்று சந்தோஷமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நவம்பர் 24, ஞாயிறு

அம்மாவின் கறுப்பு நோட்டில் எல்லா ஆசிரியர்களின் நம்பரும் பிறந்த தேதியும் இருக்கின்றன. "மூணு பேரு எங்கிட்ட பாலிசி போட்டவங்க. எங்க போயிருவாங்க?" என்றார் அம்மா. பட்டியல் போட்டோம்.

பிசிக்ஸ் திவாகர் சார்: நாமக்கல்லில் ஒரு கோச்சிங் சென்டர். இங்கிலீஷ் ஷீபா மிஸ்: மஸ்கட்டில் கணவரோடு. கணக்கு சார்: துபாய். கெமிஸ்ட்ரி சார்: பழைய பிரின்சிபாலோடு போனவர்.

"பூங்கோதை மிஸ்ஸ விட்டுட்டயே? ஜுவாலஜி. அது உம்மேல உசிரா இருக்குமே."

"அவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்கம்மா."

"மடத்துக்குளம்தான? இருவது நிமிசம்."

"அங்க நெட்வொர்க் சரியா இருக்காதும்மா."

"மடத்துக்குளத்துலயா?"

கோழிக்குத் தீவனம் போடும் நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். பண்ணையில் இப்போது கோழியே இல்லை. போன பேட்சை விற்பனைக்கு ஏற்றி நான்கு நாளாகிறது. அம்மா கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஷீபா மிஸ் பதில் அனுப்பியிருந்தார். ஒன்பது நிமிட வாய்ஸ் மெசேஜ். குழந்தைக்கு முதல் பல் முளைத்துவிட்டது. மஸ்கட்டில் முருங்கைக்காய் கிடைக்கிறது. கடிதத்தைப் பற்றி எட்டாவது நிமிடத்தில் "அதெல்லாம் பார்க்கலாம் கண்ணு" என்கிறார், அப்போது குழந்தை போனைப் பிடுங்கிவிட்டது.

கெமிஸ்ட்ரி சார் ஒரே வரி: பழைய பள்ளி சம்பந்தப்பட்ட எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவருடைய பிரின்சிபால் உத்தரவாம்.

கணக்கு சாருக்கு இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. ஒரு வாரமாக.

டிசம்பர் 4, புதன்

திவாகர் சார் சம்மதித்துவிட்டார்! ஆனால் நேரமில்லையாம். "நீயே எழுதி அனுப்பு பர்ணி, நான் பேரப் போட்டு ஏத்திடறேன்" என்றார்.

மாணவி பார்க்கவே கூடாத கடிதத்தை மாணவியே எழுதுவது சரியா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். பிறகு எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. சௌபர்ணிகா பணிவானவள். பிறந்ததிலிருந்தே தலைமைப் பண்பு உடையவள். சக மாணவியர் சோர்ந்திருக்கும்போது அவர்களுக்கு நியூட்டனின் விதிகளை விளக்குபவள். சொந்த ஆதாயத்துக்காக ஒருபோதும் பொய் சொல்லாதவள்.

கடைசி வரியை இரண்டு முறை அடித்தேன். பிறகு வாக்கியம் அழகாக இருந்ததால் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 7, சனி

திவாகர் சார் போன் செய்தார்.

"படிச்சேன் பர்ணி. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இந்தப் பொண்ண நான் பார்த்ததே இல்லையே."

"சார்!"

"பரவால்ல, ஏத்திடறேன். லைன்லயே இரு."

டைப் செய்யும் சத்தம் கேட்டது. பாரத்தின் முதல் கேள்வி, இந்த மாணவிக்கு எத்தனை மாதம் பாடம் எடுத்தீர்கள் என்பது. சார் வருட நடுவில் சேர்ந்தவர். யோசிக்காமல் ஐந்து என்று போட்டுவிட்டார். பாரம் அங்கேயே மூடிக்கொண்டது. நன்றி என்று வேறு சொன்னதாம்.

"பத்துன்னு போட்டிருக்கலாங்களே சார்."

"லெட்டர் பூரா நீ சொன்னதத்தான் ஏத்தப் போனேன். அந்த ஒரு எடத்துலயாச்சும் நான் உண்மையச் சொல்ல வேண்டாமா?"

டிசம்பர் 8, ஞாயிறு

பூங்கோதை மிஸ்ஸைக் கேட்க மாட்டேன்.

டிசம்பர் 16, திங்கள்

அரையாண்டுத் தேர்வு நடக்கிறது. இன்று கெமிஸ்ட்ரி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, விடைத்தாளிலும் அதிகம் எழுதவில்லை.

தேர்வு முடிந்ததும் புது பிரின்சிபால் பிரமிளா மேடத்தைப் பார்த்தேன். திருச்சிக்காரர். உயரம். பேசும்போது எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தான்களை எண்ணுவதுபோலப் பார்ப்பார். பள்ளித் தலைமை கடிதத்துக்கு மாதக் கணக்கு எதுவும் இல்லை, அவர் எழுதலாம்.

"எழுதறேன்மா. கடமை. ஆனா என்ன எழுதறது? உன்னைப் பத்தி ஒரு தாள்கூட இங்க இல்ல. பழைய ஆளுங்க பீரோவைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. படிக்கட்டுல இடதுபக்கமா நடக்கிறான்னு எழுதவா?"

"வலதுபக்கமாங்க மேடம்."

"பாத்தியா, அதுவும் எனக்குத் தெரியல."

ஜனவரியில் ஞாபகப்படுத்தச் சொன்னார். ஆசிரியர் கடிதம் யார் தருகிறார்கள் என்று கேட்டார். ஏற்பாடு நடக்கிறது என்றேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

காலையில் வேன் வந்தது. புது பேட்ச், நாலாயிரம் குஞ்சு. ஒரு பெட்டிக்கு நூறு. நானும் அப்பாவும் ஷெட்டுக்குள் இறக்கி, பல்பு சூட்டுக்குக் கீழே ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்தோம். அம்மா எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டு போனில் யாரிடமோ பிரீமியம் தேதியை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார். நாற்பதாவது பெட்டியைக் கவிழ்க்கும்போது, இதை எழுதாவிட்டால் இந்த டைரியே வீண் என்று தோன்றியது. எழுதிவிடுகிறேன்.

இந்த வருடம் ஜனவரி. நான் பதினொன்றில் இருந்தேன். கோழி வளர்ப்புப் பாடத்துக்காகப் பூங்கோதை மிஸ் சொன்னார், "பர்ணி, ரெண்டே ரெண்டு குஞ்சு கொண்டு வா. பாடம் முடிஞ்சதும் பத்திரமா திருப்பிக் கொண்டுபோயிரு." நான் அப்பாவிடம், மிஸ் ஒரு பெட்டி கேட்டாங்க என்றேன். இரண்டு குஞ்சை மட்டும் கொண்டுபோனால் குளிரில் செத்துவிடும் என்று காரணம் வைத்திருந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, நூறு குஞ்சு பள்ளி வராந்தாவில் ஓடினால் எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்பது எனக்குத் தெரியும். அதை மறைத்துப் பயனில்லை. அதிகாரிகள் இரண்டு பேர் தீயணைப்பு வாளியில் மணல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூடியைத் திறந்தேன். மஞ்சள் வெள்ளம். ஒன்று பிரின்சிபால் அறைக்குள் போய் மேசைக்கடியில் கத்தியது. ஒன்று அதிகாரியின் தோல்பைக்குள் ஏறிவிட்டது, பொள்ளாச்சி போய்த்தான் அதை அவர் கண்டுபிடித்தாராம். பள்ளியே சிரித்தது. நான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன்.

பிறகு பிரின்சிபால் மிஸ்ஸைக் கூப்பிட்டு வராந்தாவிலேயே கத்தினார். "யாரு கொண்டாரச் சொன்னது?"

"நான்தாங்க சார்."

"நூறா?"

மிஸ் திரும்பி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். நான் குனிந்து குஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தேன். ரொம்ப மும்முரமாக.

"ஆமாங்க சார். நூறுதான் சொன்னேன்."

மார்ச்சோடு மிஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். குடும்பச் சூழ்நிலை என்றார்கள். நானும் எல்லோரிடமும் அதையே சொன்னேன்.

எழுநூறு சொல் ஆகியிருக்காது. ஆனால் கை வலிக்கிறது.

டிசம்பர் 24, செவ்வாய்

தேர்வு முடிந்துவிட்டது. மடத்துக்குளம் போனேன். வேறு வழியில்லாததால்தான் போனேன், அதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். முழு வருடமும் பாடம் எடுத்து, இந்தியாவிலேயே இருந்து, பிரின்சிபாலுக்குப் பயப்படாத ஆள் அவர் ஒருவர்தான்.

மாவு மில்லுக்கு மேல் மாடியில் மிஸ் டியூஷன் எடுக்கிறார். பஸ்ஸிலேயே மன்னிப்பை நான்கு விதமாகத் தயாரித்து வைத்திருந்தேன். மிஸ் கதவைத் திறந்ததும், "மிஸ், இளைச்சுட்டீங்க" என்றேன்.

"மாடிப்படி அப்படி. வா பர்ணி. வீட்ல கோழியெல்லாம் சௌக்கியமா?"

சௌக்கியம் என்றேன். மிஸ் பொரிகடலை வைத்தார். லிங்க், கடைசித் தேதி, உதவித்தொகை எல்லாவற்றையும் கீழே மில் ஓடும் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னேன். மிஸ் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"லெட்டரா! எனக்கே ஒரு லெட்டர் வேணும் பர்ணி. ஒருத்தரும் தர மாட்டேங்கறாங்க."

தாராபுரம் ரோட்டில் ஒரு உதவி பெறும் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர் இடம் காலியாம். நான்கு வருட அனுபவச் சான்றிதழ் கொடுத்தால் வேலை கிட்டத்தட்ட உறுதி. மிஸ் நம் பள்ளிக்கு இரண்டு தடவை வந்திருக்கிறார். முதல் தடவை புது வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. இரண்டாம் தடவை ஆபீஸில், அப்படி ஒருவர் வேலை பார்த்ததாகவே தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜனவரி 20க்குள் கொடுக்க வேண்டும்.

"நான் மேடத்துக்கிட்டப் பேசறேங்க மிஸ்."

"நீயா?" என்றார். பிறகு, "லிங்க் அனுப்பு. என்ன எழுதறதுன்னு யோசிக்கணும்" என்றார். அங்கேயே அனுப்பினேன்.

பேரம் என்றுதான் எனக்குத் தோன்றியது. சான்றிதழ் வந்தால் கடிதம். நியாயமான பேரம். நானாக இருந்தால் இதைவிடக் கறாராகப் பேசியிருப்பேன்.

மன்னிப்பு கேட்கவில்லை. மில் சத்தம் அதிகம்.

டிசம்பர் 27, வெள்ளி

எழுநூறு சொல் கட்டுரை தொடங்கினேன். 'எனக்குச் சிறுவயது முதலே உயிரினங்கள்மீது அன்பு' என்று ஒரு வரி. அடித்துவிட்டேன். ஷெட்டில் ஏழு குஞ்சு செத்திருந்தது, எடுத்துப் போட்டேன். தண்ணீர்க் குவளைகள் கழுவினேன். மிஸ்ஸிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. போர்ட்டலில் பார்க்கலாம் என்றால், இரண்டு கடிதமும் வந்தபிறகுதான் அந்தப் பக்கம் திறக்குமாம்.

ஜனவரி 2, வியாழன்

பள்ளி திறந்தது. முதல் ஆளாகப் பிரமிளா மேடம் அறைக்குப் போய் மிஸ்ஸின் சான்றிதழைப் பற்றிக் கேட்டேன். மேடம் ஒரு பட்டியலை எடுத்தார். பழைய நிர்வாகம் கைமாற்றிய பட்டியல். விரலை வைத்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"விலங்கியல், ஒழுங்கீனத்துக்காக நீக்கம்னு போட்டிருக்கு. பேரு, சேர்ந்த தேதி எதுவும் இல்ல. நான் எப்படிம்மா சான்றிதழ் தர முடியும்?"

"அவங்க ஒழுங்கீனம் இல்லைங்க மேடம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

மணி அடித்தது. தப்பித்தேன்.

ஜனவரி 3, வெள்ளி

தப்பிக்கவில்லை. இன்று இடைவேளையில் நானே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கேட்டதை, நூறு கொண்டுபோனதை, இன்ஸ்பெக்‌ஷன் தெரிந்தும் திறந்ததை, குனிந்து பொறுக்கியதை. தோல்பையைப் பற்றிச் சொல்லும்போது மேடத்தின் உதடு ஒரு பக்கம் லேசாக இழுத்ததுபோல இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது.

"உன்னோட லெட்டரை நான் இன்னும் எழுதலைங்கறது ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க மேடம்."

"இருந்துமா வந்து சொல்ற?"

மிஸ் கடிதம் கொடுப்பதற்காகத்தான் சொல்கிறேன் என்றால் அசிங்கமாக இருக்கும். வேறு காரணம் இருப்பதாகச் சொன்னால் பொய்யாக இருக்குமோ என்று சந்தேகம்.

"திங்கக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா. அப்புறம், அவங்க நாலு வருஷம் இங்க வேலை பாத்தாங்கன்னு ஏதாவது ஆதாரம் வேணும். பதிவேடு ஒண்ணும் எங்கிட்ட இல்ல. உன் வாய்வார்த்தைய வெச்சு நான் முத்திரை குத்த முடியாது. குறிப்பா உன் வாய்வார்த்தைய வெச்சு."

ஜனவரி 5, ஞாயிறு

ஆதாரம் எங்கே இருக்கும் என்று நேற்றுக் காலை பல் தேய்க்கும்போது தெரிந்துவிட்டது. ஜுவாலஜி ரெகார்டு நோட்டு! ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் மிஸ்ஸின் கையெழுத்து, தேதியோடு. மிஸ் பச்சை மையில்தான் போடுவார். நான்கு வருட நோட்டுகள் கிடைத்தால் நான்கு வருட ஆதாரம்.

அம்மாவிடம் பழைய மாணவர்களின் முகவரி கேட்டபோது, எதற்கு என்று கேட்டார். சொல்ல வேண்டியதாகிவிட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கறுப்பு நோட்டை எடுத்துக்கொண்டு, "வண்டியில ஏறு" என்றார். எனக்குத் திட்டே பரவாயில்லை.

இரண்டு நாள், பதினொரு வீடு. முன்னாள் மாணவர்களின் வீடுகள். என் நோட்டு ஒன்று, எனக்கு முந்தைய பேட்ச் சுலபமாகக் கிடைத்தது. அதற்கு முந்தையதை ஓர் அக்கா கல்யாண ஆல்பத்தோடு சேர்த்து வைத்திருந்தார், தவளைப் படம் அவ்வளவு நன்றாக வந்திருந்ததாம். முதல் வருட நோட்டுத்தான் எங்கும் இல்லை. ஒரு வீட்டில் போன வாரம்தான் பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கடைக்கே போனோம். மூட்டையைக் கொட்டித் தேடச் சொன்னார். அம்மா பட்டுச் சேலையோடு, ஒரு பிறந்தநாள் விருந்துக்கு நேராகப் போக வேண்டியவர், பேப்பர் குவியலில் உட்கார்ந்து தேடினார். நோட்டைக் கண்டுபிடித்ததும் அம்மாதான். அட்டை போயிருந்தது. உள்ளே பச்சை மை அப்படியே.

எழுந்திருப்பதற்குள் கடைக்காரரிடம் ஒரு பாலிசியைப் பற்றியும் சொல்லி முடித்துவிட்டார்.

ஜனவரி 6, திங்கள்

அப்பா, அம்மா, நான், நான்கு நோட்டுகள். மேடம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டித் தேதிகளைக் குறித்துக்கொண்டார். பிறகு அப்பாவிடம், "உங்க பொண்ணு நூறு குஞ்சைக் கொண்டுவந்து அவுத்து விட்டிருக்கா, தெரியுமா?" என்றார்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "நூறு இல்லீங்க. நூத்தி ரெண்டு. பெட்டிக்கு ரெண்டு கூடத்தான் போடுவாங்க."

அம்மா அப்பாவின் காலை மிதித்தது எனக்குக் கேட்டது.

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தண்டனை: ஜனவரி முழுவதும் மதிய இடைவேளையில் எல்.கே.ஜி. பிள்ளைகள் சாப்பிடும்போது காவல். ஒரு டப்பாவைத் திறந்து கொடுப்பதற்குள் இன்னொன்று கவிழ்ந்துவிடுகிறது. நூற்றி இரண்டு குஞ்சு எவ்வளவோ மேல்.

திரும்பி வரும்போது, அம்மா தன் வண்டியில் முன்னால் போய்விட, அப்பா வண்டியைப் பெட்ரோல் பங்க் தாண்டி ஓரமாக நிறுத்தினார்.

"அம்மிணி, அந்த மிஸ்ஸ நான் ஒருக்கா கடைவீதியில பாத்தேன். போன வருசம், இது நடந்த மறுவாரம். பாடத்துக்கு ஒரு பெட்டி எதுக்குங்க, குஞ்சுக ஆறு போச்சேன்னு கொஞ்சம் சூடாவே கேட்டுப்போட்டேன்."

"என்ன சொன்னாங்கப்பா?"

"தப்பாப் போச்சுங்க, ரெண்டு சொல்லியிருக்கோணும்னு சொல்லுச்சு. கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போச்சு."

அவ்வளவுதான் சொன்னார். வண்டியை எடுத்தார். வீடு வரும்வரை நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 8, புதன்

சான்றிதழ் தயார். நான்கு ஆண்டுகள், விலங்கியல், நன்னடத்தை. கீழே முத்திரை. பட்டியலில் இருந்த வரியை மேடம் என் கண் முன்னால் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் 'தவறான பதிவு' என்று எழுதினார்.

"இதை நீ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். நானே அவங்களுக்குப் போன் பண்ணி வரச் சொல்றேன். வாட்ச்மேன்கிட்டயும் சொல்லியாச்சு."

பிறகு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "போம்மா. இப்பத்தான் உன்னைப் பத்தி எழுத எனக்கு ஏதோ இருக்கு."

என்ன எழுதுவார் என்று யோசித்து மதியம் இரண்டு பிள்ளைகளுக்கு டப்பாவை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்குப் புகார் எதுவும் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

மேடத்தின் கடிதம் ஏறிவிட்டது. போர்ட்டல் பக்கம் திறந்தது. இரண்டு கடிதங்களுக்கு நேரே பச்சை டிக்.

பள்ளித் தலைமை: ஜனவரி 8, மாலை 4.20.

ஆசிரியர், பூங்கோதை: டிசம்பர் 24, மாலை 5.12.

மூன்று தடவை பார்த்தேன். டிசம்பர் 24, 5.12. நான் மடத்துக்குளத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த நேரம். நான் பேரம் என்று நினைத்து வருவதற்குள் மிஸ் எழுதி அனுப்பிவிட்டார்.

அதாவது, நான் யாரிடமும் எதையும் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. தேவையே இல்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

இதற்காக வருத்தப்பட வேண்டும் என்று கொஞ்ச நேரம் முயன்றேன். வரவில்லை.

கட்டுரையை இன்று எழுதி ஏற்றினேன். டிசம்பர் 22ஆம் தேதிப் பக்கத்தைப் பார்த்து எழுதினேன். சரியாக எழுநூறு.

ஜனவரி 25, சனி

வீடியோவில் நேர்முகம். மூன்று பேர். மூவரும் தீவிரமான முகத்தோடு தொடங்கினார்கள். பாதியில் ஷெட்டிலிருந்து அப்பா, "அம்மிணி, மோட்டார் போடு" என்று கத்தினார். நடுவில் இருந்த அம்மையார், போய்ப் போட்டுவிட்டு வாருங்கள் என்றார். போட்டுவிட்டு வந்தேன். அதன்பிறகு அரை மணி நேரம் கோழிகளுக்கு வரும் நோய்களைப் பற்றியே கேட்டார்கள். அதில் எனக்குத் தெரியாதது ஒன்றிரண்டுதான். அதைத் தெரியாது என்றே சொன்னேன்.

பூங்கோதை மிஸ் உதவி பெறும் பள்ளியில் சேர்ந்துவிட்டாராம். அம்மா சொன்னார். அம்மாவுக்கு வாட்ஸாப்பில் நன்றி சொல்லியிருக்கிறார். எனக்கு ஒன்றும் இல்லை. நானும் எதுவும் அனுப்பவில்லை. ஏழு தடவை டைப் செய்து அழித்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கிடைத்துவிட்டது. முழு உதவித்தொகை. அம்மா அழுதார், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்துப் பேருக்குப் போன் செய்தார். அப்பா ஷெட்டுக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. பிரமிளா மேடம் கைகொடுத்தார். "படிக்கட்டுல வலதுபக்கம்தான் நடக்கிற. கவனிச்சேன்" என்றார்.

பிப்ரவரி 12, புதன்

ஜுவாலஜி செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். காலை ஒன்பதரைக்கு லேப் வாசலில் வரிசையாக நின்றோம். வாட்ச்மேன் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். உள்ளே வந்தவர் பூங்கோதை மிஸ்.

அந்தப் பள்ளியின் மூத்த ஆசிரியருக்கு உடம்பு சரியில்லையாம், பதிலாக மிஸ்ஸை அனுப்பியிருக்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் உறையிட்ட கேள்வித்தாள். வராந்தாவில் ஓரிடத்தில் மட்டும் நடை கொஞ்சம் மெதுவானது. பிறகு நேராக லேபுக்குள் போய், தன் பழைய நாற்காலியில் உட்காராமல் தேர்வாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "பதிவெண்?" என்றார். சொன்னேன். "ஹால் டிக்கெட்?" கொடுத்தேன். போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்!

பதினொரு மணிக்கு ஒவ்வொரு மேசையாக வாய்மொழிக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார். என் மேசைக்கு வந்தார். மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

"இது என்ன?"

குனிந்து பார்த்தேன். தெரிந்த ஸ்லைடுதான். நிமிர்ந்தேன். மிஸ்ஸின் பச்சைப் பேனா என் தாளுக்கு மேல் காத்திருந்தது. மில் சத்தம் இல்லை. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. குனிந்து பொறுக்க எதுவும் இல்லை.

"என்னை மன்னிச்சிருங்க மிஸ்" என்றேன்.

பேனா அசையவில்லை. பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும்" என்றார் மிஸ்.

"என்டமீபா ஹிஸ்டோலிட்டிகாங்க மிஸ்."

"ம்."

என் தாளில் ஒரு பெரிய டிக் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். எந்தப் பதிலுக்கு என்று தெரியவில்லை.